பதில் கிடைத்த சொற்கள்

வியாழனின் நிலவான காலிஸ்டோவில் காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் காது துலக்க வேண்டும். வலது காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றியிருக்கும் செவித்தளிரில் தூங்கும்போது உப்புப் படிந்துவிடும். ஒரு சொட்டு கழுவுநீர் விட்டுப் பஞ்சுக் குச்சியால் மூன்று தரம் சுற்றித் துடைத்தால்தான் அன்றைக்கு அடுத்தவர் பேச்சு விளங்கும். துடைக்கச் சோம்பல்பட்டவர்கள் பொழுது பூராவும் மற்றவர் வாயைப் பார்த்துக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

மாசிலாமணி இந்த விஷயத்தில் மகா சுத்தக்காரர். மூன்று தரம் போதாது என்று ஏழு தரம் துடைப்பார். ஐம்பத்திரண்டு வயது, மொழிப்பேழை அலுவலகத்தில் ஒப்பீட்டு அலுவலர் வேலை. காதுதான் அவருக்குச் சோறு போடுகிறது என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அன்றும் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மனைவி வடிவு பாசித் தோசையைத் தட்டில் போட்டாள். அவர் மேசைத்திரையில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு மத்தியானம் நான்..." என்று வடிவு ஆரம்பித்தாள்.

"ம்" என்றார் மாசிலாமணி, கண்ணை எடுக்காமல்.

வடிவு நிறுத்திக்கொண்டாள். வலது கை விரல்களால் தன் காது மடலைத் தொட்டு, எதையோ கீழே போடுவதுபோல் கையைத் தொங்கவிட்டாள். சில மாதங்களாகவே இப்படி ஒரு பழக்கம் அவளிடம். ஒருநாள் அவர் அக்கறையோடு விசாரித்தும் இருக்கிறார்: "என்னட்டி, காதுல அரிப்பா? மருந்து கெடக்கு பாரு, போடு." அவள் சிரித்தாள். மருந்து போட்டாளா என்று அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

செவித்தளிரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். யார் எந்த மொழியில் பேசினாலும் அது கேட்கிறவரின் தாய்மொழியில், அதுவும் அவரவர் ஊர்ப் பேச்சில், அதே குரலில் காதுக்குள் விழும். மாசிலாமணியின் கொள்ளுத்தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். ஆகவே காலிஸ்டோவில் அவரைப் பொறுத்தவரை எல்லோரும் நெல்லைத் தமிழர்கள்தான். போலந்துக்காரத் தண்ணீர்ப் பொறியாளர் அவரைக் கண்டால், "என்ன அண்ணாச்சி, சொகமா இருக்கியளா?" என்பார். சீனத்து மருத்துவச்சி, "வாயத் தொறங்க, ஏன் இப்படி மூடிக்கிட்டு இருக்கிய?" என்று அதட்டுவாள்.

இத்தனை மாயமும் நடப்பது நிலத்தடியில் இருக்கும் மொழிப்பேழையால். அதில் நாற்பது தட்டுகள். தட்டுக்கு ஒரு மொழி. வியாழனின் கதிர்வீச்சு சும்மா இருக்குமா? பத்து ஆண்டுக்கொரு முறை ஏதாவது ஒரு தட்டை அரித்துப் போட்டுவிடும். புதுத் தட்டு பூமியிலிருந்து வந்துவிடும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வரவில்லை. இந்த முறை முப்பத்தொன்பது தட்டில் நாற்பது மொழியை வைக்க வேண்டும். ஒன்று வெளியே போயாக வேண்டும்.

வெளியே போன மொழிக்காரர் வாய் திறந்தால் யாருக்கும் விளங்காது. வெறும் சத்தமாகத்தான் மற்றவர் காதில் விழும்; மற்றவர் பேச்சும் அவர் காதில் அப்படியே விழும். பிறகு அவர் உப்புச்சப்பில்லாத பொதுமொழியை முக்கி முனகிப் படித்து அதில்தான் சாப்பாடு கேட்க வேண்டும், அதில்தான் அழ வேண்டும்.

ஆள்தொகைப்படி கடைசி இரண்டு இடத்தில் இருந்தவை ஜூலுவும் ஆர்மீனியமும். ஜூலு பேசுவோர் அறுபத்தொரு பேர். ஆர்மீனியம் பேசுவோர் ஐம்பத்தெட்டுப் பேர். இரண்டையும் ஒப்பிட்டு, எது இருக்கலாம், எது போகலாம் என்று அறிக்கை கொடுப்பது மாசிலாமணியின் பொறுப்பு.

மூன்று தலை கூடக் குறைய இருப்பதை வைத்து ஒரு மொழியை அனுப்பிவிடலாமா என்று கொதித்தவரும் அவர்தான். போன ஆண்டு தமிழ்த் திருநாளில் மேடையேறி முழங்கினார். "மந்தையை எண்ணுவதுபோல் மொழியை எண்ணுவதா? மொழி உயிர் வாழும் இடம் வீடு! வீட்டை அளந்து பாருங்கள்! எங்கள் அறுநூற்று நாற்பது தமிழ் வீடுகளையும் அளவுகோலாக வைத்து அளந்து பாருங்கள்!" கைதட்டல் நான்கு நிமிடம் நீடித்தது. ஆட்சிக்குழுவில் பாதிப் பேர் கைதட்டியவர்கள். அதையே விதியாக்கிவிட்டார்கள்: மூன்று மொழி வீடுகளையும் அளப்பது, எது கடைசியோ அது வெளியே. தமிழ் கடைசியில் வரும் என்று எவன் கனவு கண்டான்?

எதை எண்ணுவது என்பதும் அவர் யோசனைதான். சுவரோடு பேசுவதும் பாடம் ஒப்பிப்பதும் பேச்சில் சேராது. ஒருவர் சொல்லி, அரை நிமிடத்துக்குள் இன்னொருவர் பதில் சொன்னால்தான் அது சொல். 'பதில் கிடைத்த சொல்' என்று அதற்குப் பெயரும் வைத்தார். துலா என்கிற அளவி, எல்லாருடைய செவித்தளிர் வழியாகவும் முப்பது நாள் அளந்தது.

முடிவு வருவதற்கு முந்தின நாள் மாசிலாமணி நேர்காணலுக்குப் போனார். ஆறாம் தெருவில் ஜூலுக்காரி பூசிசிவேயும் ஆர்மீனியக்காரி வார்துஹியும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்தார்கள். நடுச்சுவரை எடுத்துவிட்டு ஒரே கூடமாக்கியிருந்தார்கள். கூடத்தில் பத்துப் பதினைந்து இருக்கைகள். இரண்டு பேருக்கு எதற்கு இத்தனை இருக்கை என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் கேட்கவில்லை.

"வாங்க அண்ணாச்சி, இங்கன இரிங்க. கஞ்சி குடிக்கியளா?" என்றாள் பூசிசிவே. நாற்பது வயதிருக்கும். பாசித்தொட்டிகளில் வேலை.

அவர் நேரே விஷயத்துக்கு வந்தார். அவருடைய அறிக்கை ஏறக்குறைய எழுதி முடிந்திருந்தது. ஜூலுவில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் உண்டு. ஆர்மீனியத்துக்கு ஆயிரத்து எண்ணூறு ஆண்டுப் பழமையான தனி எழுத்து உண்டு. இப்படி இரண்டு பக்கம். இதில் ஒரு வேடிக்கை. சொடுக்கொலியில் ஒன்றைக்கூட அவர் தம் காதால் கேட்டதில்லை. ஆர்மீனியத்தில் ஒரு சொல் எப்படி ஒலிக்கும் என்றும் தெரியாது. எல்லாம் நெல்லைத் தமிழாகத்தானே வந்து விழுகிறது? செவித்தளிரைக் கொஞ்சம் அணைத்துவிட்டுக் கேட்டுப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"உங்க ரெண்டு மொழியிலயும் ஒரே குறை இருக்கு" என்றார். "படிச்சுப் பாத்தேன். ஜூலு வீட்டுல மருமக, மாமனார் பேர்ல இருக்க ஒலி எந்தச் சொல்லுல வந்தாலும் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது. ஆர்மீனியத்துல அந்தக் காலத்துல புதுசா வந்த மருமக வருஷக்கணக்கா வாயே தொறக்கக்கூடாது. பொம்பளையப் பேசவிடாத மொழிக்குத் தட்டு எதுக்குன்னு நாலு பேரு கேப்பாங்கள்லா?"

பூசிசிவே சிரித்தாள். "கேக்கட்டும். தண்ணின்னு சொல்லக்கூடாதுன்னா எங்க பொம்பளைக தண்ணிக்குப் புதுசா ஒரு சொல்லு உண்டாக்குனாங்க. அடுப்புன்னு சொல்லக்கூடாதா, அதுக்கு ஒண்ணு. ஒவ்வொருத்தி வீட்டுக்கும் ஒரு மூட்டை சொல்லு. வாயப் பொத்தப் பொத்தத்தான் மொழி பெருத்துச்சு அண்ணாச்சி. பொத்துனது நல்லதுன்னு சொல்லல. பொத்துனா அடங்கிருவோமா?"

வார்துஹி வயதில் மூத்தவள். நரைத்த தலையை இறுக்கி முடிந்திருந்தாள். "எங்காளுக கையால பேசுனாங்க" என்றாள். "அடுப்படியில மருமகளும் மருமகளும் கையாலயே ஒரு நாள் பூராப் பேசுவாங்களாம். பழசு பாதி மறந்துபோச்சு. மீதிய நாங்களே இங்க உண்டாக்கிக்கிட்டோம். பாக்கியளா?"

விரல்களைக் குவித்து உதட்டில் வைத்தாள். "இது தண்ணி." இரண்டு விரலை நடக்கவிட்டாள். "மாமியா வாரா." பிறகு காது மடலைத் தொட்டு, கையைத் தொங்கவிட்டாள். "இது என்னான்னா, கேக்க ஆளில்லன்னு அர்த்தம். இதத்தான் எல்லாரும் மொதல்ல கத்துக்கிடுவாங்க."

எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது மாசிலாமணிக்கு. எங்கே என்று பிடிபடவில்லை. கோப்பில் 'சைகை வழக்கு உண்டு' என்று குறித்துக்கொண்டார்.

"உங்க வீட்டுல எப்படி அண்ணாச்சி?" என்று வார்துஹி கேட்டாள். கேட்டுவிட்டு பூசிசிவேயைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுலயா? இந்தக் கட்டுப்பாடெல்லாம் கெடையவே கெடையாது. அவ இஷ்டத்துக்குப் பேசலாம்" என்றார் மாசிலாமணி, நெஞ்சு நிமிர.

பூசிசிவே எழுந்து கஞ்சி ஊற்றப் போனாள்.

மறுநாள் காலை துலா முடிவுகளை வாசித்தது. அதற்குக் குரல் உண்டு. உணர்ச்சி கிடையாது.

"ஆளொருவருக்கு நாளொன்றில், பதில் கிடைத்த சொற்கள். ஜூலு, மூவாயிரத்து நூறு. ஆர்மீனியம், இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். தமிழ், இருநூற்றுப் பன்னிரண்டு."

"கடைசிய இன்னொரு தரம் சொல்லு."

"தமிழ், இருநூற்றுப் பன்னிரண்டு."

"எந்திரக் கோளாறு" என்றார். "எங்க வீட்டை மட்டும் தனியா எடு. அறுநூத்து நாப்பதுல அது ஒண்ணாவது சரியா இருக்கும்."

"அலுவலர் வீடு, நாளொன்றில் பதில் கிடைத்த சொற்கள் பத்தொன்பது. தமிழ் வீடுகளில் மிகக் குறைவு. விவரம் வாசிக்கவா? சோறு வைக்கவா, வை. உப்பு இருக்கா, இருக்கு. சத்தத்தைக் குறை, சரி..."

"போதும், நிறுத்து."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். அந்த அறையில் அவரைத் தவிர ஆள் கிடையாது. சாத்தியும் உடம்பு கூசியது.

துலா தொடர்ந்தது. "ஒரு குறிப்பு. ஜூலு, ஆர்மீனிய வீடுகளில் பதில் கிடைத்த சொற்களில் பாதிக்கு மேல் வந்தவர்களோடு பேசியவை. பிற்பகல்களில் அங்கே வந்து பேசியவர்கள் இருநூற்றுப் பதினொரு பேர். அனைவரும் தமிழ் வீட்டுப் பெண்கள். அவர்கள் பேசியது தமிழ். அதிகம் பேசியவர், வடிவு மாசிலாமணி. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்."

மூன்று மணி நேரம்! வடிவா? அவள் மூன்று நிமிடம் சேர்ந்தாற்போல் பேசி அவர் கேட்டதில்லை. அவள் பேச்சே குறைந்தவள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். இப்போது அந்தக் கூடத்தின் பதினைந்து இருக்கைகள் எதற்கென்று விளங்கியது. காது மடலைத் தொட்டுத் தொங்கும் கையை எங்கே பார்த்தோம் என்பதும் விளங்கியது. மருந்து போடச் சொன்னதை நினைத்தார். வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது.

"விதிப்படி தமிழ் வெளியேற வேண்டும்" என்றது துலா. "மாற்று வழி ஒன்று உண்டு. வந்து பேசியவர்கள் சம்மதித்தால் அந்தப் பேச்சை அவர்கள் வீட்டுப் பேச்சாக மாற்றலாம். அப்போது அவ்வீடுகளில் அவர்களுக்குக் கிடைத்த பதில்களும் நீக்கப்படும். தமிழ், ஆயிரத்து எண்ணூற்று அறுபது. ஜூலு, ஆயிரத்து இருநூற்று நாற்பது. ஆர்மீனியம், ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு. ஆர்மீனியம் வெளியேறும். நாளைக் காலைக்குள் சம்மதங்கள் வர வேண்டும்."

விஷயம் கசிந்து அரை மணியில் தமிழ்ச் சங்கத் தலைவர் வேலாயுதம் அவர் காதில் ஒலித்தார். "என்னய்யா இது மானக்கேடு! சுவர்ப்பெட்டியில உம்ம திருநாள் பேச்ச எல்லா வீட்டுலயும் போட்டுவிடச் சொல்லட்டுமா?"

"அதுக்குப் பதில் வராது. சேராது."

"அப்ப அந்தச் சம்மதத்த வாங்கித் தொலையும். எல்லா ஆம்பளைக்கும் சொல்லிட்டேன். இன்னைக்கு வீட்டுக்குச் சீக்கிரம் போயி அவனவன் பொஞ்சாதிகிட்டப் பேசியாகணும்."

நியாயமாக மாசிலாமணி என்ன செய்திருக்க வேண்டும்? ஆட்சிக்குழு முன் போய் நின்று, "நான் சொன்ன முறை எங்களையே காட்டிக்கொடுத்துவிட்டது, அந்த ஆர்மீனியக்காரியின் வாயை அடைக்க எனக்கு மனசில்லை" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றும் நினைத்தார். மேடையில் நான்கு நிமிடம் கைதட்டிய முகங்கள் கண் முன்னால் வந்தன. சம்மதத் தகட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

காலிஸ்டோவில் அன்று பிற்பகல் போல் ஒரு பிற்பகல் அதற்கு முன் இருந்ததில்லை. அறுநூற்று நாற்பது வீட்டு ஆண்களும் நேரத்தோடு வீடு திரும்பினார்கள். பல பேருக்கு வீடு பூட்டிக் கிடந்தது. ஆறாம் தெருவுக்குப் போய்க் கூட்டிவர வேண்டியிருந்தது.

வடிவு வந்து, கணவன் வீட்டில் இருப்பதைப் பார்த்துப் பதறினாள். "உடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. ஒரு பெருவிரல் ரேகை வேணும்" என்று தகட்டை நீட்டினார்.

"என்னது இது?"

"நீ அங்க போயிப் பேசுனதெல்லாம் நம்ம வீட்டுப் பேச்சுன்னு எழுதிக்கிடுததுக்கு."

வடிவு அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "நான் அங்க போறது உங்களுக்குத் தெரியுமா?"

"இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"யாரு சொன்னா?"

"எந்திரம்."

அவள் தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இதனால யாருக்கும் கெடுதல் உண்டா?"

அந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். வழி நெடுக அதற்குப் பயந்துகொண்டேதான் வந்தார். "சே, யாருக்கு என்ன கெடுதல்? சும்மா ஒரு ரேகை" என்றார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வடிவு ரேகை வைத்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவர் கேட்டு அவள் மறுத்தது எது?

மாசிலாமணி தகட்டைப் பைக்குள் திணித்தார். இவ்வளவு கேவலமாக அவர் தம்மை நினைத்துக்கொண்டதே இல்லை. எதையாவது சரிக்கட்ட வேண்டும்போல் இருந்தது. "அங்க அப்படி என்னதான் பேசுவிய?" என்று கேட்டார். மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

வடிவின் முகம் மாறிய விதத்தைப் பார்க்க வேண்டுமே! நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "அந்த வார்துஹி இருக்காள்லா, நம்ம புள்ள தவறிப்போச்சே, அத நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல, அவகிட்டத்தான் மொத மொதல்ல..."

மாசிலாமணியின் காதில் அழைப்பு ஒலித்தது. கை தானாகக் காதுக்குப் போயிற்று. மறுகை தானாக உயர்ந்து, ஒரு நிமிஷம் என்று விரல் காட்டியது.

"இருநூத்திப் பதினொண்ணும் வந்தாச்சுய்யா!" வேலாயுதம் கூவினார். "தமிழ் மொதலிடம்! வார ஞாயித்துக்கிழமை விழா எடுக்கோம். நீருதான் பேசணும். தலைப்பு என்ன தெரியுமா? 'வீடுதோறும் தமிழ்'. வருவீருல்லா?"

"வாரேன், வாரேன்" என்றார் மாசிலாமணி.

பேசி முடித்துத் திரும்பினால் எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அடுப்படியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. போய், "என்னமோ சொன்னியே?" என்று கேட்க நாக்கு எழவில்லை. உட்கார்ந்தே இருந்தார்.

ஆர்மீனியத் தட்டு மறுநாள் காலை பத்து மணிக்கு அழிக்கப்பட்டது. ஐம்பத்தெட்டுப் பேருக்கும் பொதுமொழி முதற்பாடம் இலவசமாக அனுப்பப்பட்டது.

பிற்பகலில் மாசிலாமணிக்கு அலுவலகத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கால்கள் ஆறாம் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போயின. மன்னிப்புக் கேட்கத்தான் போகிறோம் என்று வழியெல்லாம் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

கூடத்துக் கதவு திறந்திருந்தது. பதினைந்து இருக்கையிலும் ஆட்கள். பூசிசிவே இருந்தாள். வடிவு இருந்தாள். நடுவில் வார்துஹி. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் கூடத்தில் அத்தனை கைகளும் ஓடிக்கொண்டிருந்தன. குவிந்தன, விரிந்தன, ஒன்றையொன்று குறுக்கே வெட்டின. யாரோ எதையோ கையால் சொல்ல, பதினைந்து பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். வடிவு இப்படிச் சிரிப்பாள் என்பதே அவருக்குத் தெரியாது. துலாவின் பார்வையில் அந்தக் கூடத்தில் அன்றைய பதில் கிடைத்த சொற்கள், பூஜ்யம்.

வார்துஹி முதலில் அவரைக் கண்டாள். எழுந்து வாசலுக்கு வந்து, அவர் முகத்துக்கு நேராக நின்று, நிதானமாக ஏதோ சொன்னாள். தொண்டையின் அடியிலிருந்து வந்த, முரடும் மெதுவுமான ஒலிகள். ஆர்மீனிய மொழியை மாசிலாமணி அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டார். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாரே அதைப் பற்றி! திட்டினாளா, வாழ்த்தினாளா, கஞ்சி குடிக்கிறீர்களா என்று கேட்டாளா, ஒன்றும் விளங்கவில்லை. அவள் பதிலுக்குக் காத்து நின்றாள்.

வார்துஹி திரும்பி வடிவிடம் கையால் எதையோ சொன்னாள். வடிவு தலையாட்டினாள். அவளுக்கு விளங்கியிருந்தது.

"வடிவு" என்றார் மாசிலாமணி. குரல் உடைந்திருந்தது. "என்ன சொல்லுதா? எனக்குச் சொல்லேன்."

வடிவு அவரைப் பார்த்தாள். பிறகு தன் காது மடலைத் தொட்டு, கையைத் தொங்கவிட்டாள்.